நெய்யாறு அணை: உல்லாசத்துக்கு ஒரு கரை, ஏக்கத்துக்கு ஒரு கரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டாக்கடை பஸ் நிலையத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும், தமிழ்ப் பேச்சு காதில் விழும். வாரம் முழுவதும் சாந்துச் சட்டி தூக்கிய கொத்தனார்களும் கையாட்களும், திருவனந்தபுரத்தில் ரயில்வே ஆபீஸிலும் பாங்கிலும் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாக்களும், அவர்களுடைய மனைவி மக்களும் சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கிழக்கே போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். போகுமிடம் நெய்யாறு அணை.

தலைநகரிலிருந்து திருமலை, பேயாடு, மலையின்கீழ் வழியாகக் காட்டாக்கடைக்குச் சுமார் 20 கிலோ மீட்டர். அங்கிருந்து கள்ளிக்காடு தாண்டி இன்னும் 10 கிலோ மீட்டர் போனால் அணை. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்தில் குடியிருப்போருக்கும் காட்டாக்கடைதான் வழி. ஒரு நாள் விடுமுறையில் போய்த் திரும்பலாம். பஸ் கட்டணம், படகுக் கட்டணம், பிள்ளைகளுக்கு ஐஸ் என்று கையைக் கடிக்காத செலவு. குடும்பஸ்தர்கள் இந்த இடத்தை விரும்புவதற்கு அது ஒன்றே போதும்.

ஆனால் விளவங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் இந்த அணையைப் பார்க்கும் பார்வை வேறு. அணை மேல் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சே இதுவாகத்தான் இருக்கும்:

"இஞ்ச கெடக்க வெள்ளந்தான் சாரே, எங்க அப்பன் காலத்துல எங்க ஏலாவுக்கு வந்தது."

கூட வந்த நெல்லைக் குமாஸ்தாவுக்கு இது புதுச் செய்தி. "இது கேரளத்து ஆறுல்லா அண்ணாச்சி? உங்க ஊருக்கு எப்படி வந்துச்சு?" என்பார்.

கேள்வி சிறியது. பதிலுக்கு எழுபது ஆண்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு மலை, பல ஆறுகள்

கதை மலையில் தொடங்குகிறது. அணை மேல் நின்று கிழக்கே பார்த்தால், மேகம் இல்லாத நாளில், அகத்தியர் மலையின் கூம்பு தெரியும். உயரம் 1,868 மீட்டர். பொதிகை என்று நாம் போற்றும் மலைத்தொடர் இதுதான். இதன் கிழக்குச் சரிவில் இறங்கும் தாமிரபரணி பாபநாசம் வழியாக நெல்லைச் சீமையை வாழ வைக்கிறது. மேற்குச் சரிவில் இறங்கும் கரமனையாறு திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தருகிறது. அதற்குத் தெற்கே இறங்குவது நெய்யாறு. கல்லாறு, முல்லையாறு ஆகிய துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, சுமார் 56 கிலோ மீட்டர் ஓடி, பூவாறு அருகே அரபிக் கடலில் விழுகிறது. நெய்யாற்றின்கரை என்ற ஊர்ப்பெயரே ஆற்றின் கரையில் இருப்பதால் வந்ததுதான்.

இந்த மலைப் பக்கத்துக்கு ஒரு பாக்கியம் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் பெய்யும். கேரளத்தின் வடபகுதி அணைகள் ஒரு மழையை நம்பி இருக்கும்போது, நெய்யாறு இரண்டு மழையிலும் நிறையும். அதனால்தான் ஆவணி, புரட்டாசியில் பாதியாகக் கிடந்த அணை கார்த்திகையில் ஷட்டர் திறக்கிற நிலைக்கு வந்துவிடுகிறது.

அணை 1958-ம் ஆண்டு எழுந்தது. ஈர்ப்பு அணை என்ற வகையைச் சேர்ந்தது. அதாவது, வளைவோ முட்டுக் கொடுப்போ இல்லாமல், தன் கனத்தினாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்பது. உயரம் 56 மீட்டர், நீளம் 294 மீட்டர், ஷட்டர்கள் நான்கு. கொள்ளளவு 106 மில்லியன் கன மீட்டர். நம் கணக்கில் 3¾ டி.எம்.சி. அளவு.

நீர்மட்டம் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மழைக்காலத்தில் மலையாளப் பத்திரிகைகள் நெய்யாறு அணையில் நீர்மட்டம் 84 மீட்டர் என்று போடும். 56 மீட்டர் அணையில் 84 மீட்டர் தண்ணீர் எப்படி நிற்கும் என்று கேட்பவர்கள் உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டத்தை அடிக்கணக்கில், தண்ணீரின் ஆழமாகப் படித்துப் பழகியவர்களின் கேள்வி அது. நெய்யாற்றில் சொல்வது ஆழம் அல்ல, கடல் மட்டத்துக்கு மேல் உள்ள உயரம். 84.75 மீட்டர் வந்தால் அணை நிரம்பியது என்று கணக்கு.

கடலுக்கு மேலே 85 மீட்டர்கூட இல்லாத மட்டம்தான். ஆனால் கடலோரம் வரை பம்பு வைக்காமல், சரிவிலேயே வாய்க்காலில் தண்ணீரை ஓட்டிச் செல்ல அந்த உயரம் போதும். ஆகவே வலதுகரைக்கு ஒன்று, இடதுகரைக்கு ஒன்று என இரண்டு பெரிய வாய்க்கால்கள் வெட்டினார்கள். குமரி மாவட்டத்தில் வாய்க்கால் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே அதற்குச் 'சானல்' என்றுதான் பெயர். வலதுகரைச் சானல் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்கு. இடதுகரைச் சானல் பாறசாலைப் பக்கமாகப் போய், எல்லை தாண்டி, விளவங்கோடு தாலுகாவுக்குள் நுழைகிறது. அங்கே அதை நம்பியிருந்த நிலம் 9,200 ஏக்கர்.

எல்லை வந்தது, ஒப்பந்தம் வரவில்லை

திட்டம் போட்டபோது எல்லை என்பதே கிடையாது. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அடுத்தடுத்த தாலுகாக்கள். இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. ஒரே சர்க்கார், ஒரே பொதுப்பணி இலாகா. ஒரு தாலுகாவில் அணை கட்டி அடுத்த தாலுகாவுக்குத் தண்ணீர் விட யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் தெற்கெல்லைப் போராட்டம் நடந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்த் தாலுகாக்களைக் கேட்டது. 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. நேசமணி கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் இருந்தது. அது வரவில்லை. அணை அந்தத் தாலுகாவில் இருந்தது.

இப்படியாக நிலத்தில் ஒரு பகுதி இந்தப் பக்கமும், தண்ணீர் அந்தப் பக்கமும் ஆயிற்று. மாநிலச் சீரமைப்புச் சட்டம் இதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. பாசன, மின் திட்டங்கள் குறித்துப் பழைய ஏற்பாடுகள் தொடர வேண்டும் என்பதற்காகவே அந்தச் சட்டத்தில் 108-வது பிரிவு இருக்கிறது. அந்த நம்பிக்கையில் தமிழக எல்லைக்குள் சானல் வெட்டப்பட்டது, தண்ணீரும் வந்தது. ஏலாக்களில் நெல் விளைந்தது. அண்ணாச்சி சொல்லும் 'அப்பன் காலம்' அதுதான்.

தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடாமல் விட்டதுதான் பிற்காலத்தில் தலைவலியாயிற்று. மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். முல்லைப் பெரியாற்றுக்கு 1886-ல் எழுதிய 999 ஆண்டுக் குத்தகை இருக்கிறது. அதில் எத்தனை வழக்கு வந்தாலும், காட்டுவதற்குக் காகிதம் உண்டு. பரம்பிக்குளம்-ஆளியாறு திட்டத்துக்கு 1970-ல் ஒப்பந்தம் ஆனது. கோவை மக்கள் ருசித்துக் குடிக்கும் சிறுவாணித் தண்ணீர், பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்து வருவது. அதற்கு 1973-ல் ஒப்பந்தம். இவையெல்லாம் இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசிச் செய்தவை. நெய்யாறு ஒரே வீட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து தோண்டிய கிணறு. பாகப்பிரிவினையில் கிணறு யாருக்கு, இறைக்கும் முறை யாருக்கு என்று எழுத மறந்துவிட்டார்கள்.

2004-ம் ஆண்டு தண்ணீர் நின்றது. கேரளம் 2003-ல் பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று செய்திருந்தது. அதன்படி வேறு மாநிலத்துக்குத் தண்ணீர் தருவதானால் முறையான ஒப்பந்தம் வேண்டும், அதற்குக் கட்டணமும் வேண்டும் என்றது திருவனந்தபுரம். நெய்யாறு கேரளத்திலேயே பிறந்து கேரளத்திலேயே கடலில் சேரும் ஆறு, ஆகவே அது மாநிலங்களுக்கிடையிலான நதி அல்ல என்பதும் அதன் வாதம். பிரிவினைக்கு முன்பே எங்களுக்கென்று திட்டமிட்ட தண்ணீர், உரிமைத் தண்ணீருக்கு விலையா என்று சென்னை கேட்டது. கடிதம் போயிற்று, பதில் வந்தது, மந்திரிகள் பேசினார்கள். கடைசியில் 2012-ல் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

விவசாயி வழக்கு முடியும் வரை காத்திருக்க முடியுமா? தண்ணீர் வராத சானலில் முதலில் புல் முளைத்தது, பிறகு புதர் மண்டியது. ஏலாவில் நெல் போய் வாழையும் மரச்சீனியும் வந்தன. மேட்டில் ரப்பர் வந்தது. ரப்பர் வைத்தவன் திரும்பவும் நெல்லுக்கு வரப்போவதில்லை. நடவும் அறுப்பும் போனபின் கூலிக்கு வேலை இல்லை. அதனால் எல்லை தாண்டிக் கொத்து வேலைக்கு வந்தவர்கள் உண்டு. எந்தத் தண்ணீர் வராததால் ஊரை விட்டு வந்தாரோ, அந்தத் தண்ணீரையே ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார். இதற்கு என்ன பெயர் வைப்பது?

விளவங்கோட்டுக்கு வேறு வழியே இல்லையா என்றால், சிற்றாறு பட்டணங்கால் இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பள்ளத்தாக்குக்கு மேலே தூக்கிக்கொண்டு வரத்தான் காமராஜர் காலத்தில் திட்டமிட்டு மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டினார்கள். 115 அடி உயரத்தில் தண்ணீர் நடந்து வருகிற காட்சி அது. ஆனால் அதன் தண்ணீர் கடைமடை வரை எட்டாது. எட்டாத இடங்களுக்குத்தான் நெய்யாறு என்று அந்தக் காலத்து எஞ்சினியர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கேரளத்தின் பக்கம்

கேரளம் சொல்வதையும் கேட்கத்தான் வேண்டும். அங்கே வேலை பார்த்து, அங்கே தண்ணீர் குடிப்பவர்களுக்கு அது தெரியாத விஷயம் அல்ல.

திருவனந்தபுரம் நகரத்துக் குழாயில் வருவது நெய்யாற்றுத் தண்ணீர் அல்ல, கரமனையாற்றுத் தண்ணீர். 1930-களில் அருவிக்கரையில் தடுத்து, வெள்ளையம்பலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நகரம் பெருத்தபோது அது போதாமல், மேலே மலையில் பேப்பாறை அணை 1983-ல் கட்டப்பட்டது. அதுவும் போதாமல் போன வருஷம் 2017. முந்தின ஆண்டில் இரண்டு பருவமழையும் பொய்த்து, பேப்பாறை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. கோடையில் தலைநகரம் தண்ணீருக்குத் தவிக்கும் நிலை. அப்போது கைகொடுத்தது நெய்யாறுதான். காப்புக்காட்டில் பம்புகளை வைத்து, நெய்யாற்று நீர்த்தேக்கத்திலிருந்து இறைத்து, ஒரு ஓடையில் விட்டார்கள். அந்த ஓடை போய் அருவிக்கரைத் தேக்கத்தில் சேர்ந்தது. பக்கத்துப் பக்கத்து ஆறுகள்தான். நடுவில் இருக்கும் மேட்டைத் தாண்ட மின்சாரம் வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் நகரத்தில் குழாய் திறந்து குளித்த தமிழர்களும் நெய்யாற்றுக்குக் கடமைப்பட்டவர்களே.

நெய்யாற்றின்கரை, காட்டாக்கடைப் பகுதிப் பஞ்சாயத்துகளுக்கும் இந்த ஆற்றிலிருந்தே குடிநீர் போகிறது. ஆள் பெருகிவிட்டது, குடிநீருக்கே ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று கேரளம் சொல்லும்போது அதில் உண்மை இல்லாமல் இல்லை. பாறசாலைப் பக்கத்துக் கேரள விவசாயியும் சானலில் தண்ணீர் குறைந்தது என்று குறைப்படுகிறவர்தான்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2018 ஆகஸ்டிலும், 2021 நவம்பரிலும் அணை நிரம்பி ஷட்டர்களை உயர்த்தினார்கள். தண்ணீர் நெய்யாற்றின்கரை வழியாகப் பாய்ந்து பூவாற்றில் கடலுக்குப் போனது. அந்த நாட்களில் விளவங்கோட்டு ஏலாவிலும் மழைதான், அப்போது தண்ணீர் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எனினும் அந்தப் பக்கத்தில் குளங்கள் இருக்கின்றன. சானல் ஒழுங்காக இருந்தால் உபரியைக் குளத்தில் தேக்கிக் கோடையில் கிணறுகளில் ஊற வைக்கலாம். இந்த அளவுக்காவது இரண்டு சர்க்காரும் ஒத்துப்போவதற்குக் கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டியதில்லை.

பார்க்க என்ன இருக்கிறது?

அணைக்குக் கீழே தோட்டம், அதில் சிமெண்டுச் சிலைகள், ஒரு கோபுரம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்களுக்குப் படகுதான். மூன்று பக்கமும் காடு, நடுவே தண்ணீர், எதிரே பொதிகை. படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினால் பறவைச் சத்தத்தைத் தவிர வேறில்லை. கட்டட வேலைக் கலவை மெஷின் அருகில் ஆறு நாள் நின்ற காதுக்கு அந்த அமைதி பெரிய மருந்து.

இது வெறும் ஏரி அல்ல, சரணாலயம். 1958-லேயே நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. பரப்பு 128 சதுர கிலோ மீட்டர். இதுவும் பேப்பாறை, செந்துருணி சரணாலயங்களும், நம் பக்கத்துக் களக்காடு-முண்டந்துறையும் சேர்ந்ததுதான் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம். 2016-ல் யுனெஸ்கோ அதைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது.

சிங்கம் பார்க்கலாம் என்று யாராவது பழைய ஞாபகத்தில் சொன்னால் நம்பிப் போக வேண்டாம். 1984-ல் நீர்த்தேக்கத்துக்குள் மரக்குன்னம் என்ற தீவுத் திட்டில் சிங்கப் பூங்கா அமைத்தார்கள். ஒரு காலத்தில் பதினாறு சிங்கங்கள் வரை பெருகின. பெருக்கம் தாங்காமல் ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்தார்கள். பிறகு வயதாகி ஒவ்வொன்றாகப் போய், 2021-ல் கடைசிச் சிங்கமும் இறந்தது. 2020 அக்டோபர் கடைசியில், வயநாட்டிலிருந்து பிடித்துவந்து அங்கே கூண்டில் வைத்திருந்த பெண் புலி ஒன்று கூண்டிலிருந்து வெளியேறி ஊரையே நடுங்க வைத்தது. மறுநாள் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். தீவின் புகழ் அதோடு சரி.

முதலைகள் உண்டு. 1977-ல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் பின்னர், டெலிவிஷனில் முதலைகளோடு விளையாடிப் புகழ்பெற்று 2006-ல் காலமான ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வினின் பெயரை வைத்தார்கள். ஆனால் முதலை பண்ணைக்குள் மட்டும் இல்லை. நீர்த்தேக்கத்திலும் விட்டிருக்கிறார்கள், கரையில் குளித்தவர்களும் துவைத்தவர்களும் தாக்கப்பட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. குற்றாலம், திற்பரப்பு என்று அருவியில் குளித்துப் பழகிய நம் ஆட்கள் தண்ணீரைக் கண்டதும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இங்கே அது கூடாது. போர்டு மலையாளத்தில் இருக்கிறது, நமக்குப் படிக்கத் தெரியாது என்பது முதலைக்குத் தெரியாது.

அருகே கோட்டூர் காப்புக்காட்டில் 2006-ல் தொடங்கிய யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தாயைப் பிரிந்த குட்டிகளை வளர்க்கிறார்கள். காலையில் யானைகள் குளிக்கும் நேரத்துக்குப் போனால் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

கோட்டூர்க் காட்டில் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். பாபநாசம், பேச்சிப்பாறை மலைகளிலும் இருக்கும் அதே மக்கள்தான். மலையில் நடக்கும்போது களைப்புத் தீர அவர்கள் மெல்லும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியை ஆராய்ச்சியாளர்கள் தெரிந்துகொண்டு, பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்காவின் விஞ்ஞானிகள் 'ஜீவனி' என்ற மருந்து செய்தார்கள். வருமானத்தில் ஒரு பங்கு காணிக்காரருக்கு என்று ஏற்பாடு ஆனது. மலைவாசிகளின் அறிவுக்குக் காசு கொடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று என்று வெளிநாட்டில்கூட இதைப் பேசினார்கள். தண்ணீருக்குப் பங்கு எழுதத் தெரியாத நாட்டில் செடிக்குப் பங்கு எழுதியிருக்கிறார்கள் என்பது ஆச்சரியம்தான்.

அகத்தியர் மலை உச்சிக்கு ஏற ஆசைப்படுபவர்கள் ஒரு நாள் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். அதற்கு வழி போணக்காட்டிலிருந்து. ஜனவரியில் தொடங்கும் சீசனில், வன இலாகாவிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, காட்டில் தங்கி ஏற வேண்டும். பெண்களும் ஏறலாம் என்று 2019 முதல் வழி திறந்திருக்கிறது.

அணைக்குப் போகிறவர்கள் மழை எச்சரிக்கை உள்ள நாளைத் தவிர்ப்பது நல்லது. ஷட்டர் திறக்கும் நாட்களில் படகை நிறுத்திவிடுவார்கள்; வந்த செலவு வீண். சாப்பாடு கொண்டுபோனால் இலையையும் பையையும் திரும்ப எடுத்து வர வேண்டும். அது காடு, அந்தத் தண்ணீர் பல பஞ்சாயத்துகளின் குடிநீர்.

மாலையில் திரும்பும்போது விளவங்கோட்டுக்காரர்களில் சிலர் காட்டாக்கடையில் இறங்காமல், வெள்ளறடை வழியாகப் பனச்சமூட்டுக்குப் போய் அப்படியே ஊருக்குப் போவார்கள். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் வேலைக்குத் திரும்பினால் போதும். அவர்கள் ஊரில் இடதுகரைச் சானலின் கரை இன்னும் இருக்கிறது. சில இடங்களில் அதன் மேலே ரோடு போகிறது, சில இடங்களில் ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள். மதகுப் பலகை ஏற்றி இறக்கும் இரும்புத் திருகு துருப்பிடித்து நிற்கிறது. அதைத் திருகத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது ஆகிறது.